கேட்காத வரியைத் தட்டாதீர்கள்: நெட்வொர்க்கிங் லேப் தேர்வில் கூடுதல் கான்ஃபிக்கைத் தவிர்க்கும் முறை

நெட்வொர்க்கிங் லேப் தேர்வில், அதாவது ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற சாதனங்களில் கட்டளை வரிகளைத் தட்டி (கான்ஃபிக் செய்து) எழுதும் தேர்வில், மதிப்பெண் இரண்டு வழியில் போகும். கேட்டதைச் செய்யாமல் விடுவது ஒன்று, கேட்காததைச் செய்துவைப்பது மற்றொன்று. முதலாவது தேர்வறையிலேயே தெரிந்துவிடும். பிங் (இணைப்புச் சோதனை) போகாது, நெய்பர் (அண்டை ரவுட்டருடனான தொடர்பு) ஏறாது, உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். இரண்டாவதில் எல்லாமே நன்றாக ஓடுவதுபோல் இருக்கும். ரவுட் (பாதை) வந்திருக்கும், பிங் போகும், நிம்மதியாக அடுத்த கேள்விக்கு நகர்ந்திருப்பீர்கள். ஆனால் மூன்றாம் கேள்வியில் போகிற போக்கில் தட்டிய ஒரு வரி, பதினோராம் கேள்வியின் நிபந்தனையை உடைத்து வைத்திருக்கும்.

சிஸ்கோவின் உயர்நிலைச் சான்றிதழான சிசிஐஇ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சரின் லேப் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் வடிவமைப்புப் பகுதி, அதில் சாதனத்தைத் தொடவே முடியாது. மீதி 5 மணி நேரம் கான்ஃபிக் செய்வது, இயக்குவது, சீர்படுத்துவது. அந்த 5 மணி நேரத்துக் கேள்விகள் தனித்தனித் தீவுகள் அல்ல. எல்லாம் ஒரே டோபாலஜியின் (நெட்வொர்க் அமைப்பின்) மேல், ஒன்றின் தலையில் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். இந்த வகைத் தேர்வுகளில் ஒரு கேள்வியின் ஐந்து நிபந்தனைகளில் நான்கு சரி என்பதற்காக ஐந்தில் நான்கு பங்கோ பாதியோ தரமாட்டார்கள். ஐந்தும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஆகவே கூடுதல் வரிக்கென்று தனியாக மதிப்பெண் கழிப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது வேறொரு நிபந்தனையை மீறினால் அந்தக் கேள்வி முழுவதும் போய்விடும், அது போதும்.

கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றுதான்: நீங்கள் தட்டும் ஒவ்வொரு வரிக்கும் கேள்வித்தாளில் ஒரு வாக்கியத்தைக் கைவைத்துக் காட்ட முடியவேண்டும். காட்ட முடியாத வரி உள்ளே போகக் கூடாது.

சொல்லாவிட்டாலும் தேவைப்படும் வரிகள்

இந்த விதியைக் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொண்டாலும் ஆபத்துதான். சில வரிகளைக் கேள்வி சொல்லாது, ஆனால் அவை இல்லாமல் கேட்டது நடக்காது. அவை கூடுதல் ஆகாது.

ஐபிவி6 ரவுட்டிங் கேட்டால் 'ஐபிவி6 யுனிகாஸ்ட்-ரவுட்டிங்' தட்டியே ஆகவேண்டும். மல்டிகாஸ்ட் கேட்டால் 'ஐபி மல்டிகாஸ்ட்-ரவுட்டிங்' வேண்டும். ஓஎஸ்பிஎஃப் ரவுட்டுகளை இஐஜிஆர்பிக்குள் (இரண்டும் ரவுட்டர்கள் பாதைகளைப் பரிமாறும் ப்ரோட்டோகால்கள்) ரீடிஸ்ட்ரிபியூட் செய்யும்போது, அதாவது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போது, மெட்ரிக் (பாதையின் மதிப்பெண்) கொடுக்காவிட்டால் ஒரு ரவுட்டும் உள்ளே வராது, எனவே கேள்வி மெட்ரிக் பற்றிப் பேசாவிட்டாலும் கொடுக்க வேண்டும். ஐபிவி4 முகவரியே இல்லாத ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப்வி3 (ஐபிவி6-க்கு வந்த பதிப்பு) ஓட ரவுட்டர்-ஐடியைக் கையால் எழுத வேண்டும். சில பழைய ஸ்விட்சுகளில் 'என்கேப்சுலேஷன் டாட்1க்யூ' போடாமல் 'மோட் டிரங்க்' (ஒரே லிங்கில் பல விலான்களை, அதாவது பிரித்த உள் நெட்வொர்க்குகளை, அனுப்பும் நிலை) ஏற்கப்படாது. பிஜிபியில் (நெட்வொர்க்குகளுக்கு இடையிலான ரவுட்டிங் ப்ரோட்டோகால்) ஒரே ஒரு ப்ரிஃபிக்ஸின் (முகவரித் தொகுதி) லோக்கல் ப்ரிஃபரன்ஸை (பாதை முன்னுரிமை எண்) மாற்றும் ரவுட்-மேப்பின் (நிபந்தனைப் பட்டியல்) அடியில் வெற்று 'பெர்மிட் 20' ஒன்று இல்லையென்றால், மற்ற எல்லா ரவுட்டும் மறைமுக மறுப்பில் (பட்டியலில் பொருந்தாத எதையும் தானாகத் தடுப்பது) சிக்கி விழுந்துவிடும்.

சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி: இந்த வரியை எடுத்தால் கேள்வியின் எந்த வாக்கியம் நிறைவேறாமல் போகும்? பதில் உடனே வந்தால் வரி இருக்கட்டும். 'இருந்தால் நல்லதுதானே', 'வேலையில் எப்போதும் போடுவேன்' என்று பதில் வந்தால் எடுத்துவிடுங்கள். அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நிஜ நெட்வொர்க்கில் நல்ல பழக்கமாக ஊறிப்போனவை எல்லாம் தேர்வறையில் கேட்காத வரிகள்.

தட்டத் தொடங்கும் முன்

கேள்வித்தாளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இதற்கு 20 முதல் 30 நிமிடம் ஒதுக்குவது வீண் அல்ல. ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, உடனே செய்து, அடுத்ததற்குப் போகும் பழக்கம்தான் கூடுதல் கான்ஃபிக்கின் தாய்வீடு. பின்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாததால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லா இன்டர்ஃபேஸையும் (சாதனத்தின் இணைப்பு முனை) சேர்த்துவிடத் தோன்றும்.

படிக்கும்போது வரம்பு வைக்கும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஒன்லி', 'ஆல்', 'எக்ஸெப்ட்', 'வித்தவுட்', 'டு நாட்', 'மினிமம்' என்று வரும் இடங்கள்தான் மதிப்பெண் இருக்கும் இடங்கள். 'ஆர்3 மட்டும்' (மூன்றாம் ரவுட்டர்) என்று இருந்தால் ஆர்4-இல் ஒரு வரிகூட மாறக் கூடாது. தாளின் தொடக்கத்தில் பொது விதிகள் இருக்கும்: ஸ்டேடிக் ரவுட் கூடாது, டீஃபால்ட் ரவுட் கூடாது, கொடுத்த முகவரிகளை மாற்றக் கூடாது, கன்சோல் லைனைத் தொடக் கூடாது என்பதுபோல. அவற்றை வெள்ளைத் தாளின் தலையில் எழுதி, எப்போதும் கண்ணில் படும்படி வையுங்கள்.

பிறகு ஒரு அட்டவணை போடுங்கள். கேள்வி எண், சாதனம், இன்டர்ஃபேஸ், தடைகள், சரிபார்க்கும் 'ஷோ' கட்டளை என்று ஐந்து பத்திகள். இன்டர்ஃபேஸ் பத்திதான் முக்கியம். எந்த இன்டர்ஃபேஸ் எந்த ப்ரோட்டோகாலுக்குள் வரவேண்டும் என்று ஒருமுறை எழுதிவிட்டால், வராதவை எவை என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கடைசியாக, தேர்வு தொடங்கியபோது இருந்த நிலையைப் பத்திரப்படுத்துங்கள். சிசிஐஇ-யில் சாதனங்கள் வெறுமையாக வருவதில்லை, ஏற்கெனவே பாதி கான்ஃபிக் இருக்கும். விதிகள் அனுமதித்தால் ஒவ்வொரு சாதனத்திலும் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஃபிளாஷ்:பேஸ்' என்று ஒரு நகல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நோட்பேடில் ஒட்டிவையுங்கள். பின்னால் 'ஷோ ஆர்கைவ் கான்ஃபிக் டிஃபரன்சஸ் ஃபிளாஷ்:பேஸ் சிஸ்டம்:ரன்னிங்-கான்ஃபிக்' என்று கேட்டால், நீங்கள் சேர்த்த வரிகள் கூட்டல் குறியோடும் நீக்கியவை கழித்தல் குறியோடும் வரும். 'ஆர்கைவ்' என்ற பகுதியைக் கான்ஃபிக்கில் எழுதாமலே இந்தக் கட்டளை வேலை செய்யும், ஆகவே அதையும் ஒரு கூடுதல் வரியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

ஜூனிப்பர் சாதனங்களின் ஜூனோஸில் இது இன்னும் எளிது. 'கமிட்' செய்யும் (மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும்) முன் 'ஷோ | கம்பேர்' பார்த்தால் மாற்றம் முழுவதும் தெரியும், வேண்டாதது இருந்தால் 'ரோல்பேக் 0' எல்லாவற்றையும் துடைத்துவிடும். சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆரிலும் கமிட்டுக்கு முன் 'ஷோ கான்ஃபிகரேஷன்' பார்க்கலாம். சிஸ்கோவின் வழக்கமான ஐஓஎஸ்-இல் மட்டும் என்டர் தட்டிய கணமே வரி உயிர்பெற்றுவிடும். அதனால் அங்கே முதலில் நோட்பேடில் எழுதி, ஒருமுறை படித்து, பிறகு ஒட்டுவது நல்லது. ஆர்1-க்கு எழுதியதை அப்படியே ஆர்2, ஆர்3-இல் ஒட்டாதீர்கள். பொதுவான ஒரு துண்டை ஐந்து ரவுட்டரில் ஒட்டும்போது இரண்டு ரவுட்டருக்கு வேண்டாத வரியும் ஒட்டிக்கொண்டே போய்விடும்.

ஓஎஸ்பிஎஃப்: மிக அதிகம் வழுக்கும் இடம்

'நெட்வொர்க் 0.0.0.0 255.255.255.255 ஏரியா 0' என்பது கைக்குப் பழகிய வரி. ஒரே வரியில் எல்லா இன்டர்ஃபேஸும் உள்ளே வந்துவிடும், சிக்கலே அதுதான். வெளி ஏஎஸ்-ஐ (வேறு நிர்வாகத்தின் நெட்வொர்க்) நோக்கிய லிங்கும் ஓஎஸ்பிஎஃப்-க்குள் வந்துவிடும், சோதனைக்காகப் போட்ட லூப்பேக்கும் (மென்பொருளில் உருவாக்கும் இன்டர்ஃபேஸ்) வந்துவிடும். இதனால் விளைவது என்ன என்று பாருங்கள். பிஜிபி கேள்வியில் 'வெளி லிங்கின் சப்நெட் உள் நெட்வொர்க்கில் தெரியக் கூடாது' என்று இருக்கலாம். உங்கள் ஓஎஸ்பிஎஃப் அதை ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது. அதோடு, ஐபிஜிபி (ஒரே ஏஎஸ்-க்குள் ஓடும் பிஜிபி) ரவுட்டுகளின் நெக்ஸ்ட்-ஹாப் (அடுத்த ரவுட்டரின் முகவரி) தானாகவே எட்டிவிடும், 'நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப்' போட மறந்ததுகூடத் தெரியாது. ஒரு தவறு இன்னொரு தவறை மூடிவிடுகிறது.

இதற்குப் பதில், இன்டர்ஃபேஸுக்குள் போய் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் 1 ஏரியா 0' எழுதுங்கள். கேள்வி 'நெட்வொர்க்' வரியைத்தான் பயன்படுத்தச் சொன்னால், முகவரியை முழுதாக எழுதி வைல்ட்கார்டை 0.0.0.0 என்று போடுங்கள். தட்டும் எழுத்துகள் கூடும், ஆனால் எந்த இன்டர்ஃபேஸ் உள்ளே இருக்கிறது என்று கேள்வித்தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். முடித்ததும் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' பார்த்து, உங்கள் அட்டவணையில் இல்லாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இந்தக் கட்டளையில் வரவேண்டியது வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். வரக் கூடாதது வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது 'ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட்'. ஈத்தர்நெட் லிங்கில் டிஆர் (அந்த லிங்கின் தலைமை ரவுட்டர்) தேர்தல் வேண்டாம் என்று இதைப் போடுவது நிஜ வேலையில் நல்ல பழக்கம். கேள்வி கேட்காமல் ஒரு பக்கம் மட்டும் போட்டால் மோசமான பொறி. பிராட்காஸ்ட், பாயின்ட்-டு-பாயின்ட் இரண்டுக்கும் ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி. டைமர் ஒத்துப்போவதால் நெய்பர் 'ஃபுல்' வரை ஏறும். ஆனால் ஒரு பக்கத்து எல்எஸ்ஏ (லிங்க் பற்றிய அறிவிப்பு) லிங்கை டிரான்சிட் என்கிறது, மறுபக்கத்தது பாயின்ட்-டு-பாயின்ட் என்கிறது. இரண்டும் பொருந்தாததால் எஸ்பிஎஃப் (பாதைக் கணக்கு) அந்தப் பாதையைக் கணக்கில் எடுக்காது. நெய்பர் பச்சையாக நிற்க, ரவுட்டிங் டேபிள் காலியாக இருக்கும்.

லூப்பேக்கிலும் இதே கட்டளைக்கு வேறு விளைவு. லூப்பேக் எந்த மாஸ்க்கில் இருந்தாலும் ஓஎஸ்பிஎஃப் அதை /32 என்றுதான் அறிவிக்கும். கேள்வி '/24 ஆகத் தெரியவேண்டும்' என்று சொன்னால் பாயின்ட்-டு-பாயின்ட் போடுங்கள். சொல்லாவிட்டால் /32 ஆகவே இருக்கட்டும், பின்னால் ஒரு கேள்வி அந்த /32-ஐ வைத்து ஃபில்டர் எழுதச் சொல்லலாம்.

'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித்' இன்னொன்று. இயல்பு மதிப்பு 100 எம்பிபிஎஸ் என்பதால் 100 மெகா, 1 கிகா, 10 கிகா மூன்றுக்கும் காஸ்ட் 1. இது பலருக்குக் கண்ணை உறுத்தும், உடனே 10000 என்று மாற்றிவிடுவார்கள். ஒரே ரவுட்டரில் மாற்றினால் அதன் 1 கிகா லிங்க் மட்டும் காஸ்ட் 10 ஆகி, டிராஃபிக் வேறு வழியில் திரும்பும். எல்லா ரவுட்டரிலும் மாற்றினாலும், 'இந்தப் பாதையில் போகவேண்டும்' என்று காஸ்ட் எண்ணோடு வரும் கேள்விக்குக் கணக்கு தப்பும். கேட்காமல் தொடவே வேண்டாம்.

ரீடிஸ்ட்ரிபியூஷனும் பிஜிபியும்

ஒரு லூப்பேக்கை பிஜிபியில் அறிவிக்கச் சொன்னால் 'ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட்' போடுவது சோம்பேறித்தனமான வழி. கேட்ட ஒன்றோடு கேட்காத எல்லா நேரடி நெட்வொர்க்கும் போய்ச் சேரும். அதோடு அவற்றின் ஆரிஜின் குறி கேள்விக்குறியாக வரும், 'நெட்வொர்க்' வரியில் போட்டிருந்தால் 'ஐ' என்று வந்திருக்கும். எதிர்பார்க்கும் அவுட்புட்டைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டிருந்தால் இந்த ஒரு எழுத்து வித்தியாசம் போதும், கேள்வி போய்விடும். ரீடிஸ்ட்ரிபியூட்தான் வேண்டும் என்று கேள்வி கட்டாயப்படுத்தினால், கூடவே ரவுட்-மேப் வைத்து அந்த ஒரு ப்ரிஃபிக்ஸை மட்டும் அனுமதியுங்கள்.

இரு திசையிலும் ரீடிஸ்ட்ரிபியூஷன் கேட்காதபோது ஒரு திசையில் மட்டும் செய்யுங்கள். 'திரும்பி வர வழி வேண்டுமே' என்று தோன்றும். திரும்பும் வழிக்கு வேறொரு ஏற்பாடு, ஒரு டீஃபால்ட் ரவுட்டோ சம்மரியோ, அடுத்த பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு ரவுட்டரில் இருபக்கமும் கலந்துவிட்டால், ஓஎஸ்பிஎஃப்-இன் 110, இஐஜிஆர்பி உள் ரவுட்டின் 90, வெளி ரவுட்டின் 170 என்ற நம்பகத்தன்மை எண்கள் ஒன்றோடொன்று மோதி, ரவுட் போன வழியே திரும்பி வந்து சுற்றத் தொடங்கும். அதைச் சரிசெய்ய டேக், டிஸ்டன்ஸ் என்று இன்னும் பத்து வரி. கேட்காத ஒரு வரி, கேட்காத பத்து வரிக்கு வழிவிட்டுவிடும்.

ஓஎஸ்பிஎஃப்-ஐ பிஜிபிக்குள் கொண்டுவரும்போது ஐஓஎஸ் இயல்பாக உள் ரவுட்டுகளை மட்டுமே எடுக்கும். 'மேட்ச் இன்டர்னல் எக்ஸ்டர்னல்' என்று எப்போதும் சேர்த்துத் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் நின்று யோசிக்க வேண்டும், வெளி ரவுட்டுகளைக் கேள்வி கேட்டதா? 'பிஜிபி ரீடிஸ்ட்ரிபியூட்-இன்டர்னல்' வரிக்கும் இதே எச்சரிக்கை. ஐபிஜிபி ரவுட்டுகள் ஐஜிபிக்குள் (ஓஎஸ்பிஎஃப் போன்ற உள் ப்ரோட்டோகாலுக்குள்) போகாமல் ஐஓஎஸ் தடுப்பதே லூப் வராமல் இருக்கத்தான்.

பாதையை மாற்றச் சொல்லும் கேள்விகளில் எந்தக் கருவி எவ்வளவு தூரம் பாயும் என்பதுதான் அளவுகோல். வெயிட் அந்த ஒரு ரவுட்டருக்குள் நிற்கும். லோக்கல் ப்ரிஃபரன்ஸ் ஏஎஸ் முழுவதும் பரவும். ஆர்3-இன் வெளியேறும் பாதையை மட்டும் மாற்றச் சொல்லியிருக்க, நீங்கள் லோக்கல் ப்ரிஃபரன்ஸை 200 ஆக்கினால் ஆர்1, ஆர்2, ஆர்4 எல்லாமே திரும்பிவிடும். ஆர்3-இல் நீங்கள் எதிர்பார்த்த பாதை சரியாகத் தெரியும், மற்ற மூன்றையும் நீங்கள் போய்ப் பார்க்கவே மாட்டீர்கள்.

நெய்பருக்கு 'செண்ட்-கம்யூனிட்டி', 'சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்ட்', நேரடி லிங்கிலேயே 'ஈபிஜிபி-மல்டிஹாப்' என்று வார்ப்புருவாகப் போடுவதையும் நிறுத்துங்கள். மூன்றில் செண்ட்-கம்யூனிட்டிதான் அதிகம் கடிக்கும். உள்ளே மட்டும் இருக்கவேண்டிய கம்யூனிட்டி (ரவுட்டில் ஒட்டும் குறி) வெளி ஏஎஸ்-க்குக் கசிந்துவிடும்.

ஸ்விட்சிங்

டிரங்கில் விலான் 30-ஐச் சேர்க்க நினைத்து 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலௌட் விலான் 30' என்று தட்டினால் இருந்த பட்டியல் போய் 30 மட்டும் நிற்கும். 'ஆட்' என்ற சொல் அவசியம். இது கூடுதல் வரி அல்ல, ஆனால் கேட்காத அழிப்பு. விளைவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ரூட் பிரிட்ஜ் (லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் தலைமை ஸ்விட்ச்) கேள்வியில் 'ரூட் ப்ரைமரி' என்பது ஒரு மேக்ரோ. அது ப்ரையாரிட்டியை 24576 என்று எழுதும், ஏற்கெனவே உள்ள ரூட் அதைவிடக் கீழே இருந்தால் அதிலிருந்து 4096 குறைத்து எழுதும். ரன்னிங்-கான்ஃபிக்கில் மேக்ரோ தெரியாது, எண்தான் தெரியும். கேள்வி எண் கொடுத்திருந்தால் எண்ணை நேரடியாக எழுதுங்கள். 'ரூட் செகண்டரி' என்று 28672-ஐ இன்னொரு ஸ்விட்சில் போட்டுவைப்பது கேட்கப்பட்டிருந்தால் மட்டும்.

போர்ட்ஃபாஸ்ட், பிபிடியு கார்ட், பிபிடியு ஃபில்டர் மூன்றையும் கும்பலாகப் போடுவது பெரிய அபாயம் (பிபிடியு என்பது ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்சுகள் பரிமாறும் செய்தி). இன்னொரு ஸ்விட்சை நோக்கிய போர்ட்டில் பிபிடியு கார்ட் போட்டால் போர்ட் எர்-டிசேபிளில் (முடக்க நிலையில்) விழும். ஃபில்டரை குளோபலாகப் போட்டால் அது போர்ட்ஃபாஸ்ட் போர்ட்டுகளில் மட்டும் செயல்படும், பிபிடியு வந்தால் அடங்கிவிடும். இன்டர்ஃபேஸில் போட்டால் அனுப்பவும் செய்யாது, பெறவும் செய்யாது, அங்கே லூப் வந்தால் தடுக்க யாருமில்லை. 'இன்டர்ஃபேஸ் ரேஞ்ச்' கட்டளையில் எண்ணைத் தட்டும் முன் ஒருமுறை நிதானியுங்கள், இந்த மூன்றும் தவறான போர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

ஹெச்எஸ்ஆர்பி, விஆர்ஆர்பி இரண்டும் கேட்வே ரவுட்டருக்கு மாற்று வைக்கும் ப்ரோட்டோகால்கள். ஹெச்எஸ்ஆர்பி-யில் ப்ரீஎம்ப்ட் (திரும்பி வந்த ரவுட்டர் தலைமையைப் பிடுங்குவது) இயல்பாக அணைந்திருக்கும், விஆர்ஆர்பி-யில் இயல்பாகவே இயங்கும். 'ஆர்1 திரும்பி வந்ததும் ஆக்டிவ் ஆகவேண்டும்' என்ற வாக்கியம் இருந்தால்தான் ஹெச்எஸ்ஆர்பி-யில் ப்ரீஎம்ப்ட். 'திரும்பப் பிடுங்கக் கூடாது' என்று இருந்தால் விஆர்ஆர்பி-யில் அதை அணைக்கும் வரி தேவை.

பாதுகாப்பு வரிகள்

'ஏஏஏ நியூ-மாடல்' (பயனர் சரிபார்ப்பு முறை) தட்டிய உடனே விடிஒய் லைன்கள் (தொலைவிலிருந்து நுழையும் வழி) உள்ளூர்ப் பயனர் பெயரைக் கேட்கத் தொடங்கும். 'ஏஏஏ ஆதெண்டிகேஷன் லாகின் டீஃபால்ட்' எழுதினால் கன்சோலும் அதற்குள் வந்துவிடும், சர்வர் பதில் சொல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். கேள்வி விடிஒய் மட்டும் என்றால் பெயரிட்ட பட்டியல் ஒன்று எழுதி, அதை விடிஒய்க்கு மட்டும் பொருத்துங்கள்.

'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்' பாதுகாப்பானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் போட்டதும் டெல்நெட் மூடிவிடும், இன்னொரு கேள்வி டெல்நெட்டை வைத்தே ஏசிஎல்லை (டிராஃபிக்கை அனுமதிக்கும், தடுக்கும் பட்டியல்) சோதிக்கச் சொல்லியிருக்கலாம். 'சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்' போட்டால் திரும்பி வரமுடியாது, 'நோ' போட்டாலும் ஏற்கெனவே மாறிய பாஸ்வேர்டுகள் பழைய வடிவத்துக்கு வராது. அதோடு, தவறாகத் தட்டிய கீயை ரன்னிங்-கான்ஃபிக்கில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் வசதியையும் நீங்களே இழக்கிறீர்கள்.

ஏசிஎல்லில் இரு பக்கமும் தப்பு நேரும். உள்வரும் திசையில் வைத்த பட்டியலில், கேட்ட வரிகளுக்குப் பிறகு வரும் மறைமுக மறுப்பு ஓஎஸ்பிஎஃப்-இன் ப்ரோட்டோகால் 89-ஐயும் பிஜிபியின் டிசிபி 179-ஐயும் சேர்த்தே வெட்டும். ஒரு டிராஃபிக்கை மட்டும் தடுக்கச் சொன்னால் கடைசியில் 'பெர்மிட் ஐபி எனி எனி' வேண்டும். குறிப்பிட்டவற்றை மட்டும் அனுமதிக்கச் சொன்னால் அதே வரி முழுக் கேள்வியையும் கெடுத்துவிடும். பழக்கத்தில் கடைசி வரியை எழுதாமல், வாக்கியத்தைப் படித்து எழுதுங்கள்.

வசதிக்காகத் தட்டும் வரிகள்

சாதனத்தில் நுழைந்ததும் 'நோ ஐபி டொமைன்-லுக்கப்', 'எக்ஸெக்-டைம்அவுட் 0 0', 'லாகிங் சிங்க்ரனஸ்', நாலைந்து 'ஏலியாஸ்' என்று தட்டுவது பலருக்கு அனிச்சைச் செயல். முதலாவது, பெயரை வைத்து சர்வரை அடையச் சொல்லும் கேள்வியைக் கொன்றுவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் கன்சோல் லைனைத் தொடக் கூடாது என்ற விதியை மீறலாம்.

ரன்னிங்-கான்ஃபிக்கில் ஒட்டாத மாற்றுகள் உள்ளன. தவறான சொல்லை டிஎன்எஸ் தேடிக்கொண்டு நின்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். 'டெர்மினல் லெங்த் 0', 'டெர்மினல் மானிட்டர்' ஆகியவை அந்த செஷனோடு போய்விடும். ஏலியாஸுக்குப் பதில் நீண்ட கட்டளைகளை நோட்பேடில் வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

கோளாறு நீக்கும் கேள்விகளில்

இங்கே கூடுதல் கான்ஃபிக் வேறு வேடத்தில் வரும். கோளாறைத் தேடும் பொறுமை இல்லாமல் ஏசிஎல்லை முழுதாக எடுத்துவிடுவது, ஆதெண்டிகேஷனை இரு பக்கமும் நீக்கிவிடுவது, ப்ராசஸையே அழித்துப் புதிதாக எழுதுவது. டிராஃபிக் போகும், ஆனால் அந்த ஏசிஎல்லும் ஆதெண்டிகேஷனும் ஒரு காரணத்துக்காக வைக்கப்பட்டவை. ஏசிஎல்லில் விடுபட்ட ஒரு வரியை வரிசை எண்ணோடு நடுவில் செருகுங்கள். கீ பொருந்தவில்லையென்றால் 'ஷோ கீ செயின்' பாருங்கள், அது கீயை மேற்கோள் குறிக்குள் காட்டுவதால் கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம்கூடத் தெரியும். ஹலோ டைமர் ஐந்து ரவுட்டரில் ஒன்றாகவும் ஒன்றில் மட்டும் வேறாகவும் இருந்தால், மாற வேண்டியது அந்த ஒன்றுதான்.

'டீஃபால்ட் இன்டர்ஃபேஸ்' கட்டளையைத் தேர்வில் மறந்துவிடுவது நல்லது. நீங்கள் போட்டதோடு தேர்வு கொடுத்த கான்ஃபிக்கையும் சேர்த்தே துடைத்துவிடும்.

கேள்வியின் வாக்கியம் இரண்டு விதமாகப் பொருள்பட்டால் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். 'இது சரியா' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த வாக்கியத்தில் எல்லா ரவுட்டர்கள் என்பது ஏரியா 1 ரவுட்டர்களை மட்டும் குறிக்கிறதா, முழு டோபாலஜியையுமா' என்று பொருளைப் பற்றி மட்டும் கேட்டால் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும். ஊகித்து இரண்டு விதமாகவும் கான்ஃபிக் செய்துவைப்பதைவிட அந்த இரண்டு நிமிடம் மலிவு.

சோதனை வரிகளை அடையாளத்தோடு போடுங்கள்

சோதிக்க லூப்பேக்கும் ஏசிஎல்லும் தேவைப்படும், தவிர்க்க முடியாது. ஆனால் அவற்றுக்கு ஒரே மாதிரிப் பெயர் வையுங்கள். லூப்பேக் எண் எப்போதும் 999, ஏசிஎல், ரவுட்-மேப் பெயர்கள் எப்போதும் 'டெஸ்ட்' என்று தொடங்கும். முடிவில் 'ஷோ ரன் | இன்க்ளூட் 999|டெஸ்ட்' என்ற ஒரே கட்டளையில் மிச்சம் மீதி எல்லாம் வந்துவிடும்.

நீக்கும்போது பிடித்திருக்கும் இடத்தை முதலில் விடுவியுங்கள். இன்டர்ஃபேஸில் 'ஐபி ஆக்சஸ்-க்ரூப்' இருக்க ஏசிஎல்லை மட்டும் அழித்தால், ஐஓஎஸ் இல்லாத ஏசிஎல்லை எல்லாவற்றையும் அனுமதிப்பதாகவே எடுத்துக்கொள்ளும், அந்தத் தொங்கல் வரியும் மிஞ்சும். எண் கொண்ட ஏசிஎல்லில் ஒரு வரியை நீக்க நினைத்து அதன் முன் 'நோ' போட்டால் முழுப் பட்டியலும் போகும். 'ஐபி ஆக்சஸ்-லிஸ்ட்' பகுதிக்குள் நுழைந்து வரிசை எண்ணால் நீக்குங்கள். ஜூனோஸில் 'டீஆக்டிவேட்' செய்த வரி செயல்படாது, ஆனால் கான்ஃபிக்கில் அப்படியே கிடக்கும், 'டிலீட்' செய்யுங்கள். டீபக் ஓடிக்கொண்டிருந்தால் 'அன்டீபக் ஆல்'.

கடைசி அரை மணி நேரம்

ஒவ்வொரு சாதனத்திலும், தொடக்கத்தில் எடுத்த நகலோடு இப்போதைய கான்ஃபிக்கை ஒப்பிடுங்கள். கூட்டல் குறியுள்ள ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மனதுக்குள் ஒரு கேள்வி எண் சொல்லுங்கள். எண் வராத வரிதான் பிரச்சினை. கழித்தல் குறியுள்ள வரிகளை இன்னும் கவனமாகப் பாருங்கள், அவை தேர்வு கொடுத்ததிலிருந்து நீங்கள் எடுத்தவை.

எண் இல்லாத வரியைக் கண்டதும் பாய்ந்து நீக்கிவிடாதீர்கள். ஏலியாஸ், சோதனை லூப்பேக், பயன்படாத ரவுட்-மேப் போன்றவற்றை யாரும் சார்ந்திருப்பதில்லை, தாராளமாக நீக்கலாம். நெட்வொர்க் டைப், டைமர், ரெஃபரன்ஸ்-பேண்ட்வித், ரீடிஸ்ட்ரிபியூஷன் போன்றவற்றை எடுத்தால் நெய்பர் விழுந்து எழும், பாதைகள் மாறும். மறுபக்கத்தையும் சரிபார்த்து, தொடர்புள்ள கேள்விகளின் 'ஷோ' கட்டளைகளை மறுபடி ஓட்டிப் பார்க்க 15 நிமிடமாவது கையில் இருந்தால் மட்டும் தொடுங்கள். அவ்வளவு நேரம் இல்லை, எந்த நிபந்தனையையும் அது மீறவும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு, எல்லாச் சாதனத்திலும் 'ரைட் மெமரி' கொடுத்து முடியுங்கள்.